ஒரு கன்னச் சோதனையும் பெண்கள் 800 மீட்டரும்

2025 செப்டம்பர் 1 முதல் சர்வதேசத் தடகளப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓடவோ தாண்டவோ எறியவோ வேண்டும் என்றால் வாழ்நாளில் ஒருமுறை ஒரு மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும். கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுப்பார்கள், இல்லையென்றால் கொஞ்சம் ரத்தம். அதில் எஸ்.ஆர்.ஒய். என்கிற மரபணு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பொதுவாக ஒய் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கும் மரபணு அது. கருவில் விரைகள் உருவாக ஆரம்பிப்பதற்கான உத்தரவு அங்கிருந்துதான் கிளம்புகிறது. அது இல்லை என்றால் பிரச்சினை இல்லை, போய் ஓடலாம். இருந்தால் மேற்கொண்டு மருத்துவப் பரிசோதனை, பெரும்பாலும் பெண்கள் பிரிவின் கதவு மூடல். அந்த மாதம் டோக்கியோவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் பெண்கள் பிரிவில் ஓடிய எல்லோரும் இந்தச் சோதனையைத் தாண்டி வந்தவர்கள்தான்.

இது வந்ததும் இணையத்தில் வழக்கமான இரண்டு கோஷ்டி. ஒரு கோஷ்டி "இதை இத்தனை நாள் ஏன் செய்யவில்லை?" என்கிறது, இன்னொன்று "பெண்களை மறுபடியும் கூண்டில் ஏற்றுகிறார்கள்" என்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதி படித்த பிறகு திட்ட வேண்டியிருக்காது. பெண்கள் பிரிவு என்று ஒன்று வேண்டும், அதற்கு ஒரு எல்லையும் வேண்டும், அந்த எல்லையை உடலை வைத்துத்தான் போட முடியும். ஆனால் அறுபது வருடமாக இந்த எல்லையைக் காவல் காத்தவர்கள் நடந்துகொண்ட லட்சணத்தைப் பார்த்தவர்களுக்கு, அதே கையில் இன்னொரு சோதனையைக் கொடுப்பதற்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

எல்லை ஏன் வேண்டும் என்பதற்கு 800 மீட்டரையே எடுத்துக்கொள்வோம். ஆண்கள் உலக சாதனை 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கென்யாவின் டேவிட் ருடிஷா ஓடிய 1 நிமிடம் 40.91 விநாடி. பெண்கள் உலக சாதனை 1983-இல் செக்கோஸ்லோவாகியாவின் யார்மிலா கிராத்தோச்விலோவா ஓடிய 1 நிமிடம் 53.28 விநாடி. வித்தியாசம் சுமார் 12 சதவீதம். (நாற்பது வருடத்துக்கு மேலாக நிற்கும் அந்தப் பெண்கள் சாதனையைச் சுற்றியும் ஊர்வாய் சும்மா இருந்ததில்லை. அவர் உடம்பு வாகைப் பார்த்தே பேசித் தீர்த்தார்கள்.) அந்தப் பெண்கள் சாதனை நேரத்தை நல்ல பள்ளிக்கூடப் பையன்கள் தொட்டுவிடுகிறார்கள். பருவமடையும் வரை ஆண், பெண் பிள்ளைகளுக்கிடையே பெரிய வித்தியாசம் கிடையாது, அதற்குப் பிறகுதான் டெஸ்டோஸ்டிரோன் வேலையைக் காட்டுகிறது: உயரம், எலும்பு, தசை, ரத்தத்தில் ஹீமோகுளோபின், எல்லாம். பெண்களின் உடலில் இந்த ஹார்மோன் வழக்கமாக லிட்டருக்கு 2 நானோமோலுக்குக் கீழே, ஆண்களுக்கு ஏறக்குறைய 8-லிருந்து 29 வரை. இடையில் பெரிய இடைவெளி. பிரிவு என்ற ஒன்று இல்லாவிட்டால் ஒலிம்பிக் 800 மீட்டர் இறுதிப் போட்டியில் ஒரு பெண்கூட நிற்க முடியாது. "திறமை இருந்தால் யாரும் ஜெயிக்கலாம்" என்று இதை ஒதுக்கிவிடுகிறவர்கள் மைதானம் பக்கம் போகாதவர்கள்.

அடுத்தது, இந்த விவாதத்தில் எனக்கு மிகவும் எரிச்சல் தருவது. இதில் இரண்டு வேறு வேறு ஆட்களைப் போட்டுக் குழப்புகிறார்கள்.

ஒன்று, திருநங்கை வீராங்கனைகள். ஆணாகப் பிறந்து, பலர் ஆண் பருவத்தைக் கடந்து, பிறகு பெண்ணாக வாழ்பவர்கள். 2022-இல் அமெரிக்கக் கல்லூரி நீச்சலில் லியா தாமஸ் 500 கெஜம் பட்டம் வென்றபோது வெடித்தது இந்தச் சண்டை. அந்த ஆண்டே உலக நீச்சல் அமைப்பும், 2023 மார்ச்சில் உலகத் தடகள அமைப்பும் ஆண் பருவத்தைக் கடந்தவர்களுக்குப் பெண்கள் பிரிவில் இடமில்லை என்று சொல்லிவிட்டன. இதில் எனக்குப் பெரிய மாற்றுக்கருத்து இல்லை. பின்னாளில் ஹார்மோனைக் குறைத்தாலும் பருவத்தில் வந்த உயரமும் எலும்பும் திரும்பிப் போவதில்லை. ஒரு திருநங்கையைப் பெண் என்று மதித்துப் பேசுவதும், சட்டம் அவரைப் பெண் என்று ஏற்பதும், 200 மீட்டரில் எந்தத் தடத்தில் நிறுத்துவது என்பதும் ஒரே கேள்வி இல்லை.

இரண்டாவது ஆட்கள் வேறு, இடைப்பாலினத்தவர் என்று சொல்லப்படுபவர்கள். பிறந்த அன்றே மருத்துவச்சி "பெண் குழந்தை" என்று சொல்லி, பெண் பெயர் வைத்து, பெண்பிள்ளையாகவே வளர்ந்து, தன் உடலுக்குள் வித்தியாசமாக எதுவும் இருப்பதே தெரியாமல் ஓட வந்தவர்கள். சிலருக்கு வழக்கமாக ஆண்களுக்கு இருக்கும் எக்ஸ் ஒய் குரோமோசோம் இருக்கும், ஆனால் உடல் டெஸ்டோஸ்டிரோனைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. சிலருக்கு ஓரளவு கண்டுகொள்ளும். சிலருக்கு ஒரு நொதி குறைவதால் பிறப்பில் பெண் போன்ற தோற்றம், பருவத்தில் ஆண் அளவு ஹார்மோன். இதில் பல ரகம் உண்டு, ஒவ்வொன்றின் விளைவும் வேறு. இவர்கள் யாரும் எதையும் மாற்றிக்கொண்டு வந்தவர்கள் இல்லை, யாரையும் ஏமாற்ற வந்தவர்களும் இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அல்ஜீரியக் குத்துச்சண்டை வீராங்கனை இமான் கெலிஃபோடு மோதிய இத்தாலியப் பெண் 46 விநாடியில் விலகியபோது, பாதி இணையம் கெலிஃபைத் திருநங்கை என்று எழுதியது. அவர் திருநங்கை இல்லை, பெண்ணாகப் பிறந்து வளர்ந்தவர். அதற்கு முந்தைய ஆண்டு புது தில்லியில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் அப்போதைய குத்துச்சண்டை அமைப்பு அவரையும் தைவானின் லின் யூ-டிங்கையும் பாதியில் வெளியேற்றியது. என்ன சோதனை, என்ன முடிவு என்று அப்போது ஒழுங்காகச் சொல்லவில்லை. அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் போனால் மீதியை ஊரே எழுதிக்கொள்ளும், அதுதான் பாரிஸில் நடந்தது.

சோதனை ஒன்றும் புதிது இல்லை. 1966-இல் புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் வீராங்கனைகளை ஆடையில்லாமல் மருத்துவர்கள் முன்னால் நிறுத்திப் பார்த்தார்கள். இது அசிங்கம் என்று உறைத்ததும் குரோமோசோமுக்கு மாறினார்கள். 1968 முதல் ஒலிம்பிக்கில் கன்னத்துச் செல்லை எடுத்துப் பார்க்கும் வழக்கம் வந்தது. ஆக, கன்னத்துக்குப் போனது இது இரண்டாவது தடவை. முதல் தடவை என்ன ஆனது என்பதற்கு மரியா ஹோசே மார்த்தினேஸ் பத்தின்யோ என்ற ஸ்பெயின் நாட்டுத் தடை ஓட்ட வீராங்கனை போதும்.

1983-இல் ஹெல்சின்கியில் சோதனையில் தேறி, "இவர் பெண்" என்ற சான்றிதழும் வாங்கியவர் அவர். 1985-இல் ஜப்பானின் கோபேயில் நடந்த பல்கலைக்கழக விளையாட்டுக்கு அந்தச் சான்றிதழை எடுத்துவர மறந்துபோனார். மறுபடியும் சோதனை. எக்ஸ் ஒய் என்று வந்தது. காலில் அடிபட்டதாகச் சொல்லி உட்கார்ந்துகொள் என்றார்கள், உட்கார்ந்தார். அடுத்த ஜனவரியில் ஸ்பெயின் தேசியப் போட்டியில் சத்தமில்லாமல் விலகிவிடு என்றார்கள். அவர் மாட்டேன் என்று ஓடி 60 மீட்டர் தடை ஓட்டத்தை ஜெயித்தார். உடனே விஷயம் பத்திரிகைக்குப் போனது. உதவித்தொகை போனது, தங்கியிருந்த இடம் போனது, சாதனைகளை அழித்தார்கள், நிச்சயித்தவரும் விட்டுவிட்டுப் போனார். அவர் உடல் டெஸ்டோஸ்டிரோனைத் துளிகூடப் பயன்படுத்தாத வகை. அதாவது ஓட்டத்தில் அதனால் அவருக்குக் கிடைத்த லாபம் பூஜ்யம். பின்லாந்து மரபியல் அறிஞர் ஆல்பர்ட் த லா ஷப்பேல் போன்றவர்கள் பக்கத்தில் நின்றார்கள், 1988-இல் அனுமதி திரும்பக் கிடைத்தது. ஆனால் மூன்று வருடம் ஓட்டக்காரிக்கு என்னவென்று ஓடுகிறவர்களைக் கேளுங்கள். சொந்த நாட்டில் நடந்த 1992 பார்சிலோனா ஒலிம்பிக்குக்கான தகுதியை விநாடியில் பத்தில் ஒரு பங்கில் தவறவிட்டார்.

1996 அட்லாண்டாவில் 3,387 பெண்களைச் சோதித்ததில் 8 பேருக்கு 'ஆண்' என்று வந்தது. எட்டுப் பேரையும் தீர விசாரித்துவிட்டு ஓட அனுமதித்தார்கள். இத்தனை காலத்தில் ஆண் வேடமிட்டு வந்தவன் ஒருவனைக்கூட இந்தச் சோதனை பிடித்ததில்லை, அப்பாவிப் பெண்களைத்தான் பிடித்தது என்று மருத்துவர்களே சொல்ல ஆரம்பித்தார்கள். 1999-இல் ஒலிம்பிக் கமிட்டி எல்லோருக்குமான சோதனையை நிறுத்தியது. ஆனால் 'சந்தேகம்' வந்தால் தனியாகக் கூப்பிட்டுப் பார்க்கும் உரிமையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். சந்தேகம் யார் மீது வரும்? குரல் கனமாக இருப்பவள், மார்பு தட்டையாக இருப்பவள், முடியை ஒட்ட வெட்டியிருப்பவள், கறுப்பாகவும் ஏழையாகவும் இருப்பவள். சந்தேகத்தை அளக்கும் கருவி யாரோ ஒருத்தருடைய கண்தான்.

அந்தக் கண்ணில் பட்டவர்தான் நம்ம சாந்தி.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. அப்பா அம்மா செங்கல் சூளைத் தொழிலாளிகள், தலித் குடும்பம். தாத்தா ஓடச் சொல்லிக் கொடுத்ததாகச் சாந்தி சௌந்தரராஜன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2005-இல் இன்ச்சானில் ஆசியத் தடகள சாம்பியன்ஷிப்பில் 800 மீட்டர் வெள்ளி. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் மறுபடியும் 800-இல் வெள்ளி, 2 நிமிடம் 3.16 விநாடி, பஹ்ரைனின் மரியம் யூசுஃப் ஜமாலுக்கு அடுத்து. கஜகஸ்தான் வீராங்கனையை மயிரிழையில் முந்தினார். உலக சாதனையைவிட அது கிட்டத்தட்ட 10 விநாடி மெதுவான நேரம். மெதுவாக ஓடினால் உடலில் சாதகம் எதுவும் இல்லை என்று அர்த்தமாகிவிடாது, அது எனக்கும் தெரியும். ஆனால் பெண்கள் பிரிவே அழிந்துவிடும் என்று பதறுவதற்கான நேரமும் அது இல்லை.

ஓட்டம் முடிந்ததும் கூப்பிட்டுச் சோதனை செய்தார்கள். சில நாளில் 'பாலினச் சோதனையில் தோல்வி' என்று உலகம் பூராவும் செய்தி. இதில் தோல்வி என்ற சொல் எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, அவர் என்ன பரீட்சையா எழுதினார்? பதக்கத்தைப் பறித்தார்கள். ஓடும் வாழ்க்கை அன்றோடு முடிந்தது. அவருடைய மருத்துவ அறிக்கையில் என்ன இருந்தது என்று அதிகாரபூர்வமாக யாரும் வெளியிடவில்லை. பத்திரிகைகள் எழுதியது ஆண்ட்ரோஜனை (டெஸ்டோஸ்டிரோன் வகை ஹார்மோன்களை) உடல் கண்டுகொள்ளாத நிலை என்று. அது உண்மை என்றால் பெரிய வேடிக்கை. அதே 2006-இல் சர்வதேசத் தடகள சம்மேளனம் (இன்றைய உலகத் தடகள அமைப்பு) வைத்திருந்த கொள்கை, அந்த நிலை உள்ளவர்களைப் பெண்களோடு ஓட அனுமதிக்கலாம் என்றது. அப்போது டெஸ்டோஸ்டிரோனுக்கு எண்ணில் ஒரு வரம்புகூட கிடையாது, அது 2011-இல்தான் வந்தது. எந்த விதியை மீறினார் என்று எழுத்தில் காட்டி, மேல்முறையீட்டுக்கு வக்கீல் வைத்து, பத்தின்யோவுக்கு நின்ற மாதிரி ஒரு விஞ்ஞானியைக் கூட நிறுத்த வேண்டிய வேலை இந்திய ஒலிம்பிக் சங்கத்தினுடையது, இந்தியத் தடகள சம்மேளனத்தினுடையது. இரண்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றன.

தமிழ்நாடு அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. முதலமைச்சர் கருணாநிதி அறிவித்த 15 லட்சம் ரூபாயைத் திரும்பக் கேட்கவில்லை, கொடுத்தார். அந்தப் பணத்தைப் போட்டு ஊரில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி நடத்தினார் சாந்தி. இடையில் 2007-இல் தற்கொலைக்கு முயன்றார் என்ற செய்தியும் வந்தது. பணம் தீர்ந்தது. 2012-இல் அவர் செங்கல் சூளையில் தினக்கூலிக்கு வேலை செய்கிறார் என்று படம் போட்டுச் செய்தி வந்தபோதுதான் பலருக்கும் அவர் ஞாபகம் வந்தது. பிறகு பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பு, அப்புறம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் வேலை. மதுரையைச் சேர்ந்த இடைப்பாலினச் செயற்பாட்டாளர் கோபி சங்கர் போன்றவர்கள் அவருக்காக விடாமல் குரல் கொடுத்தார்கள். பதக்கம் மட்டும் திரும்பவில்லை.

தோஹாவுக்கு மூன்று வருடம் கழித்து, 2009 பெர்லின் உலக சாம்பியன்ஷிப். தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா, 18 வயது, 800 மீட்டரில் 1 நிமிடம் 55.45 விநாடியில் தங்கம். இறுதிப் போட்டிக்குச் சில மணி நேரம் முன்பே அவருக்குப் பாலினச் சோதனை நடப்பது ஊடகத்தில் கசிந்தது. அதற்கு முன்னால் அவருடைய சொந்த நாட்டுத் தடகள சங்கமே, ஊக்கமருந்துச் சோதனை என்று நம்பவைத்து அவரைப் பரிசோதித்திருந்தது, அதை மறைத்துப் பொய்யும் சொன்னது, பிறகு ஒப்புக்கொண்டது. சர்வதேச அமைப்பின் பொதுச் செயலாளரோ "பெண்தான், ஆனால் நூற்றுக்கு நூறு இல்லையோ" என்கிற மாதிரி பத்திரிகையாளர்களிடம் பேசினார். ஒரு 18 வயதுப் பெண்ணைப் பற்றி, அவளுடைய உள்ளுறுப்பைப் பற்றி, மைக் முன்னால். நல்லவேளை, செமன்யாவுக்குப் பின்னால் அவர் நாடு நின்றது. ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் கூட்டம் திரண்டு வரவேற்றது, பதக்கம் கையிலேயே இருந்தது. சாந்தி தோஹாவிலிருந்து வந்தபோது இங்கே என்ன நடந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

ஆனால் செமன்யா விஷயத்தில் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையில்லாதவனாகிவிடுவேன். 2016 ரியோ ஒலிம்பிக் 800 மீட்டரில் தங்கம் செமன்யா, வெள்ளி புருண்டியின் ஃபிரான்சீன் நியோன்சாபா, வெண்கலம் கென்யாவின் மார்கரெட் வாம்புய். மூவரும் பின்னால் வந்த ஹார்மோன் விதியில் மாட்டியவர்கள். ஆறாவதாக வந்த பிரிட்டன் வீராங்கனை லின்சி ஷார்ப் அழுதார். அந்த அழுகையைக் கேலி செய்ய என்னால் முடியாது. நாலு வருடம் விடியற்காலையில் எழுந்து ஓடியவள், தன்னால் எந்தப் பயிற்சியாலும் எட்ட முடியாத ஒரு சாதகம் எதிரில் இருப்பதாக நினைத்தால் அழத்தான் செய்வாள். அதே ஓட்டத்தில் ஐந்தாவதாக வந்த போலந்தின் யோவானா யுஷ்விக், தான் முதலாவதாக வந்த ஐரோப்பியர், இரண்டாவதாக வந்த வெள்ளைக்காரி என்று பெருமைப்பட்டுக்கொண்டார். நியாயமான ஒரு குறை, அதன் கூடவே வண்டியேறி வரும் நிறவெறி. இந்த விவாதத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டேதான் வருகின்றன, ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்கிறவர்கள் இரு பக்கமும் உண்டு.

விதி 2018-இல் மாறியது. 400 மீட்டரிலிருந்து ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்கு மட்டும், எக்ஸ் ஒய் குரோமோசோம் உள்ள, ஹார்மோன் உடலில் வேலை செய்கிற பெண்கள் டெஸ்டோஸ்டிரோனை லிட்டருக்கு 5 நானோமோலுக்குக் கீழே மருந்து போட்டுக் குறைக்க வேண்டும் என்றார்கள். ஏன் அந்தத் தூரங்கள் மட்டும்? சம்மேளனத்தின் சொந்த விஞ்ஞானிகள் 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு முக்கியமான ஆதாரம். அந்த ஆய்விலேயே சுத்தியல் எறிதலிலும் கோலூன்றித் தாண்டுதலிலும் அதிக ஹார்மோன் உள்ள பெண்களுக்குச் சாதகம் இருப்பதாக வந்தது, ஆனால் அவற்றை விதியில் சேர்க்கவில்லை. 1500 மீட்டரில் எதுவும் வரவில்லை, ஒரு மைல் ஓட்டம் அந்த ஆய்விலேயே இல்லை, இரண்டையும் சேர்த்துக்கொண்டார்கள்! வெளியாட்கள் தரவை வாங்கிப் பார்த்ததில் ஓட்ட நேரங்களில் பிழைகள் கிளம்பின. 2021-இல் அந்த ஆய்வாளர்களே, காரண-காரியத் தொடர்பு நிரூபணமானது போல எழுதியது தவறான எண்ணத்தைத் தந்திருக்கலாம் என்று திருத்தம் போட்டார்கள். அதற்குள் செமன்யா, சுவிட்சர்லாந்தில் உள்ள சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்தில் 2019 மே மாதம் தோற்றிருந்தார், இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில். தீர்ப்பு விசித்திரமானது: விதி பாகுபாடானதுதான், ஆனால் பெண்கள் பிரிவைக் காக்கத் தேவையான பாகுபாடு. சட்டமாகப் பார்த்தால் எனக்கு இதில் தப்பு தெரியவில்லை, பிரிவு என்றாலே பாகுபாடுதான். ஆனால் ஆதாரம் இவ்வளவு நொண்டியாக இருக்கும்போது ஒரு பெண்ணைப் பார்த்து "மாத்திரை போட்டு உன் உடம்பை மாற்று" என்பது பெரிய வார்த்தை. 2023-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் 4-3 என்றது, 2025 ஜூலையில் அதன் பெரிய அமர்வு, நடுவர் மன்றத் தீர்ப்பை எதிர்த்துப் போன அவர் வழக்கைச் சுவிட்சர்லாந்து நீதிமன்றம் நியாயமாக விசாரிக்கவில்லை என்று 15-2 என்ற கணக்கில் சொன்னது. அதற்குள் அவருக்கு வயது 34.

மாத்திரையாவது பரவாயில்லை. 2013-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த கட்டுரையைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. வளரும் நாடுகளின் கிராமப்புறங்களிலிருந்து வந்த, 18-லிருந்து 21 வயதுக்குள் இருந்த நான்கு வீராங்கனைகளுக்கு பிரான்சில் உள்விரைகளை நீக்கி, அதோடு பெண்குறிக் காம்பின் ஒரு பகுதியையும் அறுத்திருக்கிறார்கள். உள்விரைகள் அங்கேயே இருந்தாலும் உடல்நலத்துக்குக் கேடில்லை என்று அந்த மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். காம்பை அறுப்பதற்கும் வேகமாக ஓடுவதற்கும் என்ன சம்பந்தம்? உகாண்டாவின் அன்னெட் நெகேசா, 2012-இல் தனக்கு நடந்த அறுவை சிகிச்சை என்னவென்றே சரியாகப் புரியவைக்கப்படவில்லை, அதற்குப் பிறகு உடம்பு தேறவே இல்லை என்று வெளிப்படையாகப் பேசினார். தாங்கள் அப்படிச் செய்யச் சொல்லவே இல்லை என்று சம்மேளனம் மறுக்கிறது. சரி, சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஓடினால்தான் சோறு என்கிற இடத்திலிருந்து வந்த இருபது வயதுப் பெண்ணுக்கு, பெரிய டாக்டர் நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் வர எத்தனை தைரியம் வேண்டும்.

இந்தியாவில் ஒரே ஒரு முறை இது வேறு மாதிரி நடந்தது. 2014-இல் ஒடிசாவின் துதி சந்த், நெசவுக் குடும்பத்துப் பெண், ஹார்மோன் அளவு அதிகம் என்று கிளாஸ்கோ காமன்வெல்த் அணியிலிருந்து கடைசி நேரத்தில் நீக்கப்பட்டார். அவர் சாந்தி மாதிரி தனியாக விடப்படவில்லை. பாயோஷ்னி மித்ரா என்ற ஆய்வாளர் கூட நின்றார், கனடா வக்கீல்கள் பணம் வாங்காமல் வாதாடினார்கள், இந்திய அரசும் இந்தத் தடவை உதவியது. 2015 ஜூலையில் நடுவர் மன்றம் ஹார்மோன் விதியையே நிறுத்திவைத்தது. 2018 விதி அவருடைய 100, 200 மீட்டரைத் தொடாததால் அந்த ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஓடி இரண்டிலும் வெள்ளி வாங்கினார். ஒரு வக்கீலும் ஒரு ஆய்வாளரும் கூட இருந்தால் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். தோஹாவுக்கும் ஜகார்த்தாவுக்கும் நடுவே பெண்களின் உடல் ஒன்றும் மாறிவிடவில்லை.

இப்போதைய கன்னச் சோதனையைப் பார்ப்போம். இதில் ஒரு நல்லது இருக்கிறது, மறுக்க மாட்டேன்: எல்லோருக்கும் என்றாகிவிட்டதால் கண்ணை வைத்துச் சந்தேகப்படும் வேலை ஒழிகிறது. முடி வெட்டியவளுக்கும் சடை போட்டவளுக்கும் ஒரே பஞ்சுக் குச்சி. போட்டிக்கு வரும் முன்பே, பதக்கம் கழுத்தில் விழுவதற்கு முன்பே முடிந்துவிடும் என்பதும் நல்லதே. ஆனால் எஸ்.ஆர்.ஒய். இருக்கிறது என்று மட்டும்தான் சோதனை சொல்லும், அது வேலை செய்கிறதா, சுரக்கும் ஹார்மோனை உடல் எடுத்துக்கொள்கிறதா என்று சொல்லாது. 1990-இல் அந்த மரபணுவைக் கண்டுபிடித்த குழுவின் ஆன்ட்ரூ சின்கிளேரே இதை வைத்து யார் பெண் என்று முடிவு செய்யக்கூடாது என்று எழுதியிருக்கிறார். டெஸ்டோஸ்டிரோனை முழுக்க நிராகரிக்கும் உடல்களுக்கு விதியில் விலக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் அந்த விலக்கை வாங்க அடுத்த கட்டச் சோதனை, நிபுணர், செலவு, காத்திருப்பு எல்லாம் வேண்டும். பணக்கார நாட்டுப் பெண்ணுக்கு அது இரண்டு வாரத் தலைவலி, கத்தக்குறிச்சிகளிலிருந்து வரும் பெண்ணுக்கு அதுவே முடிவு.

விளையாட்டு சங்கங்களுக்குத் தெரியாத ஒன்று தமிழ்நாட்டு நீதிமன்றங்களுக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கிறது. கரூரில் ஒரு பெண் காவலரை, மருத்துவப் பரிசோதனையில் குரோமோசோம் வேறாக வந்தது என்று வேலையைவிட்டு நீக்கினார்கள். பிறந்ததிலிருந்து பெண்ணாக வாழ்ந்தவர். 2014 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி நாகமுத்து அந்த நீக்கத்தை ரத்து செய்து, அவர் பெண்தான், வேலையைக் கொடுங்கள் என்றார். 2019-இல் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இடைப்பாலினக் குழந்தைகளுக்குப் பாலினத்தைத் 'திருத்தும்' அறுவை சிகிச்சை கூடாது என்று சொன்னார், தமிழ்நாடு அரசும் அந்த ஆண்டே அதைத் தடை செய்து ஆணை போட்டது. போலீஸ் வேலையும் 800 மீட்டரும் ஒன்றில்லை, காக்கிச் சட்டையில் பத்தில் ஒரு விநாடிக்குப் பதக்கம் கொடுப்பதில்லை. அந்தக் கரூர்ப் பெண்ணை ஒலிம்பிக் பெண்கள் ஓட்டத்தில் நிறுத்தலாமா என்று கேட்டால் 'பரிசோதித்துப் பார்த்துதான் சொல்ல முடியும்' என்றுதான் நான் சொல்வேன். ஆனால் ஒரு ஆளின் உடம்பு பற்றிய தகவல் அந்த ஆளுக்குச் சொந்தம், அதை வைத்து அவள் வாழ்க்கையை யாரும் பிடுங்கக்கூடாது என்பது நீதிமன்றத்துக்குப் புரிந்திருக்கிறது.

என் அண்ணன் மகள் மாவட்ட அளவில் 400 ஓடுகிறாள், ஒல்லியான, உயரமான பெண். போன பொங்கல் விளையாட்டுப் போட்டியில் ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் "பொண்ணாடா இது, பையன் மாதிரில்ல இருக்கு" என்று சிரித்ததை நானே கேட்டேன். நாளைக்கு அவள் மாநிலம் தாண்டிப் போனால் அவளுக்கும் இந்தக் கன்னச் சோதனை வரும், வரட்டும், அதற்கு நான் எதிரியில்லை. ஆனால் அதைச் செய்கிற சங்கத்திடம் நான் முதலில் கேட்கப்போவது இவைதான். சோதனைக்கு முன்னால் தமிழில் உட்கார்த்தி வைத்து, இதில் என்னென்ன தெரியவரலாம் என்று அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் யார் சொல்வார்கள்? முடிவு வருகிற காகிதம் சங்கத்தில் எத்தனை பேர் மேஜையைத் தாண்டிப் போகும்? எதிர்பாராத முடிவு வந்தால் அடுத்த கட்டச் சோதனைக்கு யார் பணம் கட்டுவார்கள், மேல்முறையீட்டுக்கு யார் வக்கீல் வைப்பார்கள்? அந்த முடிவை அலுவலகத்திலிருந்து யாராவது பத்திரிகைக்காரருக்குப் போனில் சொன்னால் அவர் வேலை போகுமா?

கடைசிக் கேள்விக்கு "போகும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும் சங்கத்திடம் பிள்ளையின் கன்னத்தைக் காட்டச் சொல்வேன்.